முதல் மூன்று நொடிகள்: இந்திய உடற்பயிற்சி ஆசிரியரின் தொடக்க வாக்கியம் கடந்துவந்த பாதை

இணையவழியில் உடற்பயிற்சி கற்பிப்போரின் குறுங்காணொளிகளில் பயிற்சி தொடங்குமுன் ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. "இந்தத் தவற்றை நீங்களும் செய்கிறீர்களா?", "30 நாளில் தொப்பை குறைய இது ஒன்று போதும்", "ஜிம்மில் யாரும் உங்களுக்குச் சொல்லாத உண்மை" என்ற வகையில் அது அமையும். தொழில் வழக்கில் இதற்கு ஹூக் என்று பெயர். தமிழில் தூண்டில் எனலாம். தண்டாலும் பஸ்கியும் கற்பிக்க வந்த ஒருவர் இன்று தம் உழைப்பின் பெரும்பகுதியை இந்த ஒற்றை வாக்கியத்தை எழுதுவதிலும் திருத்துவதிலும் செலவிடுகிறார்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அல்காரிதம். அது பொய்யன்று, ஆனால் போதுமானதும் அன்று. தூண்டில் வாக்கியத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆசிரியர் மாணவனை நேரில் காணும் இடத்திலிருந்து உடற்பயிற்சிக் கல்வி வெளியேறிய ஒவ்வொரு முறையும் அது புதுவடிவம் பெற்றிருக்கிறது. மேடை, தபால், கைப்பேசித் திரை என்ற மூன்று கட்டங்களாக அதைப் பின்தொடரலாம்.

1. கூடத்தில் தேவைப்படாத வாக்கியம்

காசியின் அகாடாக்களைப் பற்றி ஜோசப் ஆல்டர் எழுதிய இனவரைவியல் நூல் (1992) காட்டும் உலகில் குரு யாரையும் கூவி அழைப்பதில்லை. மாணவன் தானே வருகிறான், மண்ணைக் கிளறுகிறான், மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்கிறான். குரு அவனைப் பார்க்கிறார். தோள் எப்படி, முழங்கால் எப்படி, மூச்சு எங்கே தடுமாறுகிறது என்று பார்த்த பிறகே இத்தனை தண்டால், இத்தனை பஸ்கி என்று கணக்குச் சொல்கிறார். தமிழகத்துச் சிலம்பக் கூடங்களும் மலையாளக் களரிகளும் ஏறத்தாழ இதே முறையில் இயங்கியவை.

இங்கே நிகழ்ச்சி வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வருகை, அடுத்து ஆசிரியரின் பார்வை, அதன்பின் சொல். கவனத்தை ஈர்க்க ஒரு வாக்கியம் இங்கே தேவைப்படவில்லை. இந்த அமைப்பை இலட்சியப்படுத்தவும் வேண்டியதில்லை. சாதியும் பாலினமும் அதன் வாயிலில் காவல் நின்றன; பெரும்பாலான பெண்களுக்கு அந்த மண் மறுக்கப்பட்டிருந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்த கல்வி பலருக்குக் கதவைத் திறந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

2. மேடை: அறைகூவல்

1889ஆம் ஆண்டு இலண்டனில் சாம்சன் என்ற மேடைப் பெயருடைய பலசாலி, தன்னை வெல்பவருக்குப் பணம் தருவதாகப் பார்வையாளர்களை நோக்கி அறைகூவல் விடுத்துவந்தார். கூட்டத்திலிருந்து எழுந்து அதை ஏற்றவர் பிரஷ்யாவில் பிறந்த யூஜென் சாண்டோ. அந்த ஓர் இரவு அவரை நகரம் அறிந்த மனிதராக்கியது. பின்னாளில் அமெரிக்காவில் பிளாரன்ஸ் ஸீக்ஃபெல்ட் அவருடைய காட்சிகளை விளம்பரப்படுத்தினார்.

1894 மார்ச் 6 அன்று நியூஜெர்சியில் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் சாண்டோ படமாக்கப்பட்டார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படத்தில் அவர் தசைகளை முறுக்கிக் காட்டுகிறார், வேறொன்றும் நிகழ்வதில்லை. அப்படம் காட்டப்பட்ட கினெட்டோஸ்கோப் கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்து பார்க்க முடியும். ஒற்றைப் பார்வையாளர், சிறிய சட்டகம், ஒரு நிமிடத்துக்குட்பட்ட உடல். இன்றைய ரீலின் புறவடிவம் அங்கேயே உருவாகிவிட்டது. தொடக்க வாக்கியம் மட்டும் இல்லை. படத்துக்கு இன்னும் குரல் வரவில்லை.

1904-05இல் சாண்டோ இந்தியாவுக்கு வந்தார். கேரி வாட் போன்ற வரலாற்றாசிரியர்கள் இப்பயணத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதன் தடம் இந்திய மொழிகளில் பதிந்துவிட்டது. தமிழில் கையற்ற உள்சட்டைக்குச் சாண்டோ பனியன் என்று பெயர். வங்காளத்தில் அதுவே சாண்டோ கெஞ்சி. படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் சாண்டோ பட்டமாக நின்றது. ஒரு பயிற்சி முறையின் பெயர் ஆடையாகவும் அடைமொழியாகவும் மாறுவது, அந்த விளம்பரம் எவ்வளவு ஆழமாக ஊடுருவியது என்பதற்குச் சான்று.

இந்தியப் பலசாலிகளும் மேடையின் இலக்கணத்தை விரைவில் கற்றனர். ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பின் மீது யானையை ஏற்றிக் காட்டினார். 1910இல் இலண்டன் சென்ற மல்லர் காமா, போட்டியில் சேர்த்துக்கொள்ளப்படாத நிலையில், எந்த எடையிலும் மூன்று மல்லர்களை 30 நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. எண், காலவரம்பு, நம்பமுடியாமை ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் கூடியிருப்பதைக் காணலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காமா சொன்னதை அடுத்த சில நாள்களில் மக்கள் முன்னிலையில் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியிருந்தது. மேடையின் வாக்கியத்துக்கு மேடையே சோதனைக்களம்.

3. தபால்: இழிவும் கூப்பனும்

மேடையைக் கண்டவர் வீடு திரும்பியதும் என்ன செய்வார்? புத்தகமும் கருவியும் வாங்குவார். சாண்டோ 1897இல் வெளியிட்ட பயிற்சி நூலில் உடல் அளவுகளைக் குறிக்கும் அட்டவணை இருந்தது; அஞ்சல்வழிப் பயிற்சியும் நடந்தது. 1904இல் டென்மார்க்கின் ஜே. பி. முல்லர் ஒரு நாளுக்கு 15 நிமிடம் போதும் என்ற வாக்குறுதியையே தம் நூலின் அடையாளமாக்கினார்.

அமெரிக்காவில் இம்முறை உச்சம் தொட்டது. இத்தாலியில் ஆஞ்சலோ சிசிலியானோ என்ற பெயரில் பிறந்த சார்லஸ் அட்லஸ், விளம்பர எழுத்தாளர் சார்லஸ் ரோமனுடன் 1929இல் நிறுவனம் அமைத்தார். அவர்களின் புகழ்பெற்ற படக்கதை விளம்பரத்தில், கடற்கரையில் ஒரு முரடன் ஒல்லியான இளைஞன் முகத்தில் மணலை எற்றுகிறான். உடனிருந்த பெண்ணின் முன் அவன் கூனிக்குறுகுகிறான். கூப்பனை நிரப்பி அனுப்புகிறான். உடல் தேறித் திரும்பிவந்து முரடனை அடிக்கிறான். முதற்கட்டமே அவமானம். பயிற்சி பற்றிய செய்தி அதற்குப் பின்னரே வருகிறது.

அக்காலத்து விளம்பரத் தொழில் கூப்பன்களில் குறியீட்டு எண் இடும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. எந்த இதழில் வந்த எந்தத் தலைப்புக்கு எத்தனை கடிதங்கள் வந்தன என்று இதனால் எண்ண முடிந்தது. கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய விளம்பர நூல் இந்த அளவீட்டையே தொழிலின் அறிவியலாக முன்வைத்தது. இன்று காணொளியை எந்த நொடியில் எத்தனை பேர் விட்டு விலகினர் என்று பயிற்சியாளருக்குக் காட்டப்படும் வரைபடம் அந்தக் கூப்பனின் நேர் வாரிசு. வாசகன் எதற்கு அசைகிறான் என்பதை எண்ணத் தொடங்கியதும் தலைப்பு எழுதுபவரின் கை, உண்மையைவிட எண்ணிக்கையின் பக்கம் சாயத் தொடங்கியது.

இந்தியாவில் இந்த அவமானத்துக்கு வேறொரு கனம் இருந்தது. வங்காளிகள் மெலிந்தவர்கள், வீரமற்றவர்கள் என்று மெக்காலே முதலானோர் எழுதியதும், அக்கருத்தைப் படித்த வங்காளிகளே உள்வாங்கிக்கொண்டதும் ஜான் ரோசெல்லியின் புகழ்பெற்ற கட்டுரையின் பொருள். நவகோபால் மித்ராவின் இந்து மேளா, சரளாதேவி சௌதுராணியின் உடற்பயிற்சி முயற்சிகள் ஆகியவை அந்தப் பழிக்கு விடையாக எழுந்தவை. அட்லஸ் விளம்பரத்தில் மணலை எற்றுபவன் கற்பனை முரடன். இந்திய உடற்பயிற்சி எழுத்தில் அந்த இடத்தில் ஆட்சியாளர் நின்றார். "நீ பலவீனன்" என்ற தொடக்கம் இங்கே தனிமனிதனை மட்டுமன்றி ஒரு சமூகத்தையே விளித்தது. அதனால் அது அரசியல் ஆற்றலும் பெற்றது. உடலைக் குறித்த நீங்காத தாழ்வுணர்வையும் விட்டுச்சென்றது.

4. பெங்களூரும் மைசூரும்: எழுத்தாளராகிய ஆசிரியர்

கே. வி. ஐயர் இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கவர். பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய அவர் 1930இலும் 1936இலும் ஆங்கிலத்தில் உடற்கட்டு நூல்களை வெளியிட்டார். அஞ்சல்வழிப் பயிற்சியும் அளித்தார். தம் உடலின் ஒளிப்படங்களையே முதற்சான்றாக வைத்தார். தம் உடலழகைப் பற்றி அடக்கமின்றி எழுதினார். அதே ஐயர் கன்னடத்தில் சாந்தலா, ரூபதர்ஷி என்ற நாவல்களின் ஆசிரியர், நாடகக்காரர் டி. பி. கைலாசத்தின் நண்பர். உடலைக் கற்பிப்பவர் சொல்லையும் ஆள வேண்டும் என்ற இன்றைய நிலைக்கு அவர் முன்னோடி எனலாம். தூரத்து மாணவனை அடைய அவருக்கு இருந்த கருவிகள் படமும் உரைநடையுமே.

அவுந்து சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, ஏறத்தாழ பத்தாண்டுகள் சாண்டோ முறையைப் பயின்று, பின்னர் சூரிய நமஸ்காரத்துக்குத் திரும்பியவர். தம் சமஸ்தானப் பள்ளிகளில் அதைப் புகுத்தினார். 1938இல் பத்திரிகையாளர் லூயிஸ் மார்கனின் துணையுடன் இலண்டனில் வெளியான அவரது நூலின் தலைப்பு உடல்நலத்துக்கான பத்து அம்ச வழி என்று பொருள்படுவது. வழிபாட்டுச் சாயல் கொண்ட ஒரு பயிற்சி, ஆங்கில வாசகரை எட்டியபோது எண்ணிட்ட பட்டியலாகிவிட்டது.

மைசூரில் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியாரின் அனுபவம் இன்னும் தெளிவானது. யோகத்தின்மீது பொதுமக்களுக்கு ஆர்வம் குன்றியிருந்த காலத்தில், அவர் ஊர் ஊராகச் சென்று நாடித்துடிப்பை அடக்கிக் காட்டினார், ஓடும் காரை நிறுத்திக் காட்டினார், பல்லால் கனத்த பொருள்களைத் தூக்கினார் என்று அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கற்பிப்பதற்கு முன் கவனத்தைப் பெற வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். இன்று மரபின் தூய்மைக்குச் சான்றாக முன்னிறுத்தப்படும் ஆசிரியரே தம் காலத்தின் தூண்டிலைக் கையாள வேண்டியிருந்தது. ஆனால் அந்த வித்தைகள் முடிந்தபின் யோகசாலைக்கு வந்த மாணவனை அவர் நேரில் கண்டார். அவனவன் உடலுக்கேற்பக் கற்பித்தார். தூண்டிலுக்கும் பாடத்துக்கும் இடையே ஒரு வாயிற்படி இருந்தது.

5. 2020: நான்கு மாதங்களின் சந்திப்பு

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மலிவான தரவு இந்தியச் சிற்றூர்களையும் எட்டியது. பார்வை எண்ணிக்கையைவிடப் பார்க்கப்படும் நேரத்துக்கு யூடியூப் 2012 முதலே முதன்மை தரத் தொடங்கியிருந்தது. ஆயினும் இந்திய உடற்பயிற்சி ஆசிரியரை முழுநேர வாக்கிய எழுத்தாளராக்கியது 2020ஆம் ஆண்டு.

அவ்வாண்டு மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. ஜிம்களும் யோகக் கூடங்களும் மூடப்பட்டன. ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ஜிம்கள் திறக்க அனுமதி கிடைத்தது ஆகஸ்ட் 5 அன்றுதான். செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் முதற்சோதனை இந்தியாவில் தொடங்கியது. கூடத்தை இழந்து நின்ற பயிற்சியாளர்களுக்கு அந்தக் கோடையில் எஞ்சியிருந்த இடம் 15 நொடிச் சட்டகம். அங்கே நுழைந்தவரை அவரது மாணவரே தேடி வருவதில்லை. விரலால் தள்ளிக்கொண்டே செல்லும் அந்நியர் ஒருவர்தான் எதிரே இருக்கிறார்.

அளவீடும் சுருங்கியது. பேஸ்புக் நெடுங்காலம் 3 நொடிகளை ஒரு பார்வையாகக் கணக்கிட்டது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸ் குறைந்தபட்ச நேரம் ஏதுமின்றி, ஓடத் தொடங்கினாலே பார்வை எனக் கொள்கிறது. நிலைத்துப் பார்த்தவர்களின் கணக்கு தனியாக வைக்கப்படுகிறது. அஞ்சல் காலத்து ஆசிரியர் ஒரு தலைப்பின் பயனை அறிய வாரக்கணக்கில் காத்திருந்தார். இன்றையவர் அதே நாளில் அறிந்துகொள்கிறார். மறுநாள் வேறொரு வாக்கியம் எழுதுகிறார்.

6. வாக்கிய வகைகளும் உடலின் காலமும்

இன்றைய தூண்டில்களை வகைப்படுத்தினால் அவற்றின் வம்சாவளி புலப்படும். "100 நாள் இதைச் செய்தேன்" என்பது மேடை அறைகூவலின் வழி வந்தது. தொப்பையையும் வயதையும் சுட்டிக் குத்துவது அட்லஸின் கடற்கரை. "நாளுக்கு 10 நிமிடம்" என்பது முல்லரின் 15 நிமிடம். யாரும் சொல்லாத உண்மை என்பதற்கும் முன்னோடி உண்டு: 1920களின் இறுதியில் பெங்களூரில் சுந்தரம் எழுதிய யோக உடற்பயிற்சி நூலின் துணைத்தலைப்பிலேயே இரகசியம் என்ற சொல் இடம்பெற்றிருந்தது. "இப்படிச் செய்யாதீர்கள்" என்ற எச்சரிக்கையே இவற்றில் நம் காலத்தின் முத்திரையை அழுத்தமாகத் தாங்குவது. பார்வையாளர் ஏற்கெனவே பிறருடைய காணொளிகளைக் கண்டு எதையோ செய்துகொண்டிருக்கிறார் என்ற ஊகத்தின்மீது அது நிற்கிறது.

இங்கே சிக்கல் நடைநயம் பற்றியதன்று, காலம் பற்றியது. பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் தகவமைப்பால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பெருக மேலும் பல வாரங்கள் ஆகும். வயிற்றுத் தசைகளுக்கு மட்டும் பயிற்சி தந்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியும் என்பதற்கு உடலியல் தரும் ஆதரவு மிகக் குறைவு. 30 நாள் வாக்குறுதியை நம்பி வந்தவர் 31ஆம் நாள் கண்ணாடியில் மாற்றம் காணாவிட்டால், பொய்த்தது வாக்கியம் என்று நினைப்பதில்லை. தம் உடலே தோற்றது என்று நினைக்கிறார். அவமானத்தில் தொடங்கிய பயிற்சி அவமானத்திலேயே முடிகிறது.

7. சட்டமும் அதே மூன்று நொடிகளும்

இவ்வகை வாக்கியங்களை அரசு எதிர்கொண்டதும் புதிதன்று. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் இயற்றப்பட்டது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நிலைகளின் பட்டியலில் உடற்பருமனும் உயரமும் இடம்பெற்றுள்ளன. ஆனால் அச்சட்டம் மருந்தையும் மந்திரத் தாயத்து வகைகளையும் குறிவைத்தது. தண்டால் ஒரு மருந்தன்று. பயிற்சியைப் பற்றிய மிகைக்கூற்று அதன் பிடிக்குள் எளிதில் வருவதில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், அதன்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்ததும் அதே 2020 ஜூலையில். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. 2023 ஆகஸ்டில் வெளியான கூடுதல் வழிகாட்டுதல்கள், உடல்நல வல்லுநராகத் தம்மை முன்னிறுத்துவோர் தம் தகுதியை வெளிப்படுத்த வேண்டும் என்றன. தண்ணீர் குடியுங்கள், தவறாமல் உடற்பயிற்சி செய்யுங்கள் போன்ற பொதுவான அறிவுரைகளுக்கு விலக்கு உண்டு.

விளம்பரத் தர மன்றம் 2021இல் வகுத்த நெறிகள் இன்னும் சுவையானவை. 15 நொடிக்குட்பட்ட காணொளியில் இது விளம்பரம் என்ற குறிப்பு குறைந்தது 3 நொடிகளாவது திரையில் நிற்க வேண்டும். தூண்டிலுக்குக் கிடைத்த அதே அவகாசமே உண்மைக்கும் ஒதுக்கப்பட்டது. ஆயினும் அந்தக் குறிப்பு சந்தைப்பொருளைப் பற்றியது மட்டுமே. தம் பயிற்சியைத் தாமே விற்கும் ஆசிரியரின் முதல் வாக்கியம் உடலியலோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கும் குறிப்பு எதுவும் இல்லை.

8. திரையில் ஒரு பார்வை

இந்த வரலாறு தூண்டிலைக் கைவிடச் சொல்லவில்லை. கிருஷ்ணமாச்சாரியாராலேயே கைவிட முடியாததை மாத வாடகை கட்டும் ஒரு பயிற்சியாளரிடம் கேட்பது நியாயமும் அன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை அது கற்றுத்தருகிறது. சில காணொளிகள் இப்படித் தொடங்குகின்றன: "கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? இப்போதே எழுந்து பாருங்கள்." இதுவும் கவனத்தைப் பிடிக்கிறது. ஆனால் இது பார்வையாளரை இழிவுபடுத்தவில்லை. நாளெண்ணி வாக்குறுதி தரவில்லை. நாற்காலியிலிருந்து எழும் சோதனை முதியோர் மருத்துவத்தில் கால் வலிமையை அறியப் பயன்படுவதே. அகாடாவில் குரு செய்த முதல் வேலையை, அதாவது உடலைப் பார்ப்பதை, இந்த வாக்கியம் பார்ப்பவரிடமே ஒப்படைக்கிறது. மேடையின் வாக்கியத்துக்கு இருந்ததைப் போல இதற்கும் உடனடிச் சோதனைக்களம் உண்டு.

ஆய்வாளர்களுக்கு இங்கே பெரும்பணி காத்திருக்கிறது. சாண்டோவின் விளம்பரங்கள் பழைய செய்தித்தாள்களிலும் ஐயரின் நூல்கள் நூலகங்களிலும் எஞ்சியதால்தான் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் நாள்தோறும் எழுதப்படும் தொடக்க வாக்கியங்களோ, கணக்கு நீக்கப்பட்டால் அதனோடு மறைந்துவிடுபவை. 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2020க்குப் பிந்தைய இந்தியர் தம் உடலை எவ்வாறு நினைத்தனர் என்று நாளை எழுதப்போகிறவருக்கு இவை முதன்மைச் சான்றுகள். எந்த மொழியில் எந்த அவமானம் செல்லுபடியானது, எந்த வாக்குறுதி எந்த வகுப்பாரை விளித்தது, பெண்களை நோக்கிய வாக்கியம் ஆண்களை நோக்கியதிலிருந்து எங்கே பிரிந்தது ஆகிய கேள்விகளுக்கு விடை அவற்றில்தான் உள்ளது. தேதியும் மொழியும் குறித்து அவற்றைத் திரட்டும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.